பழைய ரெக்கார்டரில் கச்சேரிப் பதிவு: மீட்டர் சிவப்பைத் தொடவில்லை, ஒலி மட்டும் உடைகிறது

பிப்ரவரி 2, மாலை. ஒரு வாசகரின் கேள்வி

என்னிடம் இருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷம் பழைய கையடக்க ரெக்கார்டர். நண்பர் ஒருவர் பாடினார். வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம். சின்ன அரங்கம், மேடைக்கு இருபுறமும் ஒவ்வொரு ஸ்பீக்கர். முதல் பாதியில் ரெக்கார்டரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தேன். மிருதங்கம் ஓங்கிய இடத்தில் எல்லாம் ஒலி உடைந்து கரகரத்தது. ஆனால் மீட்டர் ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொடவில்லை, பாதிக்கு மேல் ஏறவே இல்லை. பயந்துபோய் இரண்டாம் பாதியில் பத்தாவது வரிசையில் ஒரு காலி நாற்காலி மேல் கொண்டுபோய் வைத்தேன். கரகரப்பு போய்விட்டது, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ரெக்கார்டரின் ஆயுள் முடிந்துவிட்டதா? புதிதாக ஒன்று வாங்கினால் இரண்டும் சரியாகுமா?

பிப்ரவரி 2, இரவு

வாங்க வேண்டாம். இப்போதைக்காவது வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு கோளாறு. இரண்டுக்கும் ரெக்கார்டரின் வயதுக்கும் அதிகம் சம்பந்தமில்லை.

முதலில் கரகரப்பு. ரெக்கார்டரின் பக்கவாட்டிலோ பின்னாலோ சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கிறதா பாருங்கள். அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று நிலையோ, இரண்டு நிலையோ இருக்கும். சில கருவிகளில் அது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். மைக்கிலிருந்து வரும் ஒலியை முதலில் பெருக்கும் கட்டத்துக்கான ஸ்விட்ச் அது. திரையில் நீங்கள் கூட்டிக் குறைக்கும் பதிவு லெவல் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது கீழே குழாயைத் திருகி மூடினால் வழிவது நிற்காது. உங்கள் மிருதங்கத்துக்கு நடந்ததும் அதுதான். முதல் பெருக்கிக் கட்டத்திலேயே ஒலி வழிந்து உடைந்துவிட்டது. உடைந்ததைத்தான் லெவல் குறைத்துப் பதிந்திருக்கிறீர்கள். மீட்டர் காட்டியதும் உடைந்த பிறகு குறைக்கப்பட்ட ஒலியை. அதனால் அது சிவப்பைத் தொட வாய்ப்பே இல்லை.

சந்தேகம் இருந்தால் கணினியில் கோப்பைத் திறந்து, கரகரத்த இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும், அதுவும் முழு உயரத்தில் இல்லாமல் பாதி உயரத்தில். அப்படி இருந்தால் நான் சொன்னது உறுதி. ஸ்விட்சைக் குறைவில் வைத்து, லெவலை மேலே ஏற்றிப் பதியுங்கள்.

கிணறு பற்றி நாளை எழுதுகிறேன், அது பெரிய விஷயம்.

பிப்ரவரி 3

ஒன்று விட்டுப்போனது. தானியங்கி லெவல் என்று ஒரு வசதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். கூட்டங்களில் பேச்சைப் பதிவதற்காக வைத்தது அது. பாட்டு ஓங்கும்போது அமுக்கும், தணியும்போது தூக்கும். என்னுடைய முதல் பதிவுகளில் ஒன்று முழுக்க இப்படித்தான் போனது. ஆலாபனை மெல்ல அடங்கி நிற்கும் இடத்தில் மின்விசிறியின் ஓசை அலைபோல எழுந்து வரும். அடுத்த ஸ்வரம் விழுந்ததும் அது படாரென்று பின்வாங்கும். இதைப் பிற்பாடு எந்த மென்பொருளிலும் சரிசெய்ய முடியவில்லை. பாடகர் வேண்டுமென்றே தணித்துப் பாடியது அந்தக் கோப்பில் இல்லவே இல்லை.

பிப்ரவரி 5

சரி, கிணறு.

திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். மேடையிலிருந்து 2 மீட்டரில் இருந்த மைக்கை 8 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபல். அரங்கத்துக்குள் நேராக வரும் ஒலிதான் இப்படி இறங்குகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அரங்கம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக நிறைந்திருக்கும். அதனால் பின்னால் போகப் போக நேர் ஒலி மெலிந்துகொண்டே போய், ஓர் இடத்தில் இரண்டும் சமமாகும். அதைத் தாண்டினால் நீங்கள் பதிவது பெரும்பாலும் அரங்கத்தைத்தான், பாட்டை அல்ல. உங்கள் பத்தாவது வரிசை அந்தக் கோட்டுக்கு நன்றாகவே பின்னால்.

அங்கே உட்கார்ந்து கேட்டவருக்குக் கிணறு தெரிந்திருக்காது. இரண்டு காதும் மூளையும் சேர்ந்து எதிரொலியை ஒதுக்கித் தள்ளிவிடும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகையால் மைக் கேட்பதுபோல் நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒத்திகை நடக்கும்போதோ சுருதி சேர்க்கும்போதோ பின்வரிசையிலிருந்து மெதுவாக முன்னால் நடந்து வாருங்கள். ஓர் இடம்வரை பாட்டு மங்கலாக, யாரோ பக்கத்து அறையில் பாடுவதுபோல் இருக்கும். பிறகு இரண்டு மூன்று அடிக்குள்ளேயே வார்த்தைகள் திறக்கும். 'க', 'த' போன்ற வல்லெழுத்துகளுக்கு முனை வரும். அங்கே நின்றுவிடுங்கள், ரெக்கார்டருக்கு அதுதான் இடம். இன்னும் ஓரடி முன்னால் வைத்தாலும் கெடுதல் இல்லை. ஒவ்வொரு அரங்கத்திலும் இந்த இடம் மாறும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வரிசைக்குள் அகப்பட்டிருக்கிறது.

என்னிடம் நல்ல கருவி இருந்து சுமாரான இடம் கிடைத்த பதிவுகளும் உண்டு, சுமாரான கருவிக்கு நல்ல இடம் கிடைத்த பதிவுகளும் உண்டு. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது இரண்டாவது வகையைத்தான்.

தூரத்தை வைத்தே எல்லாவற்றையும் சமன்செய்த காலம் ஒன்று இருந்தது. 1925இல் மின்வழிப் பதிவு வருவதற்கு முன் மைக்கே கிடையாது, ஒரு கூம்புதான். அதன் வாய்க்கு அருகே பாடகர், தள்ளி நரம்பு வாத்தியம், கடைசியில் ஓசை பெரிதான வாத்தியங்கள். கலவை முழுவதும் யார் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதில்தான். அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், 1987 நவம்பரில் கனடாவின் கவுபாய் ஜங்கீஸ் குழு டொரொன்டோவில் ஒரு தேவாலயத்துக்குள் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி உட்கார்ந்து ஒரு முழுத் தொகுப்பையும் பதிந்தார்கள். பாடகியின் குரல் ஸ்பீக்கர் வழியாக வந்து அதே மைக்கில் சேர்ந்தது. மைக் உயர்ந்த ரகம்தான், ஆனால் அவர்கள் நேரத்தை எல்லாம் தின்றது ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்துவது.

பிப்ரவரி 6

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "இன்னும் ஓரடி முன்னால் வைத்தாலும் கெடுதல் இல்லை" என்றேன். கெடுதல் உண்டு. எழுதி முடித்த பிறகுதான் ஒரு பழைய பதிவு நினைவுக்கு வந்தது.

ஒலிபெருக்கி இல்லாத சின்னக் கூடம். ஆர்வத்தில் மேடை விளிம்பிலேயே வைத்துவிட்டேன். வயலின் ஒன்றரை மீட்டரில், பாடகர் மூன்று மீட்டரில். வில் நரம்பில் உரசுவதுகூட அழகாக விழுந்திருக்கிறது. பாடகர் மட்டும் வயலினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுகிறார். தூரத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம், அப்படியானால் 6 டெசிபல். மைக் எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் தள்ளி இருந்தால் இந்த விகிதம் சுருங்கும். ஆகவே ஒரு காதை அடைத்துக் கேட்கும்போது தெளிவை மட்டும் பார்க்காதீர்கள், யார் யாரை மறைக்கிறார் என்றும் பாருங்கள். தெளிவும் சமநிலையும் சேரும் இடம் தேவை. அது கிடைக்காவிட்டால் குரலின் பக்கம் நில்லுங்கள்.

உயரம் பற்றியும் சொல்லவில்லை. நாற்காலி மேல் வைத்தேன் என்றீர்களே, முன் நாற்காலியின் முதுகும் முன்னால் இருப்பவரின் முதுகும் மைக்கை மறைத்திருக்கும். நுண்ணிய மேல் ஒலிகள் மனித உடம்பைச் சுற்றி வளைந்து வராது, துணியிலேயே அடங்கிவிடும். உங்கள் கிணற்றில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் வைத்தாலே போதும், வேறு பதிவுபோல் இருக்கும். கேமரா ஸ்டாண்டு இருந்தால் பெரும்பாலான கையடக்க ரெக்கார்டர்கள் அதில் திருகி நிற்கும்.

மேசையோ மேடை விளிம்போதான் கதி என்றால் இதைக் கவனியுங்கள். மைக்குக்கு நேராக ஒரு ஒலி வருகிறது, மேசையில் பட்டு இன்னொன்று வருகிறது. இரண்டாவது 34 செமீ கூடுதலாகப் பயணித்தால் சுமார் ஆயிரத்தில் ஒரு நொடி பிந்தும். அப்போது 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், அப்புறம் 1500, 2500 என்று வரிசையாக. குரல் தகரக் குழாய்க்குள் போனதுபோல் ஆவது இதனால்தான். ஒன்று நன்றாக உயர்த்துங்கள், இல்லையென்றால் ஒரு கைக்குட்டையை நான்காக மடித்துப் போட்டு மைக்கின் முகத்தை மேசைப் பரப்பை ஒட்டிப் படுக்க வையுங்கள். ஒட்டி இருந்தால் இரண்டு ஒலியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும், பள்ளம் கேட்காத உயரத்துக்குப் போய்விடும். கைக்குட்டை, மேசை வழியாக வரும் தட்டல் அதிர்வுக்காக.

பிப்ரவரி 6, இரவு

பெரிய மைதானத்தில் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே கணக்கு வேறு. மேடைக்கு அருகில் போனால் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒலியில் ஓட்டை விழும். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழு 1984 அக்டோபரில் பதிவு செய்யும் ரசிகர்களுக்கு என்றே தனி இடம் ஒதுக்கத் தொடங்கியது. அந்த இடம் ஒலிக்கலவை மேசைக்கு, அதாவது மிக்சருக்குப் பின்னால். கலப்பவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் கலக்கிறார், அவர் கேட்பதையே மைக்கும் கேட்கும். ரசிகர்கள் அங்கே நெட்டை ஸ்டாண்டுகளை ஒரு சின்னக் காடுபோல் நட்டு, கூட்டத்தின் தலைக்கு மேலே மைக்கைக் கொண்டுபோனார்கள். ஒலிபெருக்கி பெரிதாக இருந்தால் கலவை மேசையைத் தேடுங்கள். சின்ன அரங்கத்துக்கு நான் முன்பு சொன்னதுதான்.

பிப்ரவரி 9

லெவல் எவ்வளவு வைப்பது? உரத்த இடத்தில் மீட்டர் -12 டெசிபலைத் தொட்டால் போதும், 0தான் உச்ச வரம்பு. ஒத்திகையில் பார்த்து வைத்த லெவலைக் கச்சேரி எப்போதும் மிஞ்சும். தனி ஆவர்த்தனமும் கைத்தட்டலும் ஒத்திகையில் வருவதில்லை.

24 பிட் இல்லாத பழைய கருவி என்று கவலைப்படுகிறீர்கள். 16 பிட்டுக்கே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி உண்டு. ஆட்கள் நிறைந்த அரங்கம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் மூச்சு, நாற்காலி, விசிறி எல்லாம் சேர்ந்து 35, 40 டெசிபலுக்குக் கீழே போகாது. உரத்த இடம் 100 என்று வைத்தால், பதிய வேண்டியது 60 சொச்சம்தான். மேலே 12 விட்டுவைத்தாலும் இன்னும் மிச்சம் இருக்கிறது. பழைய ரெக்கார்டரின் உஸ்ஸென்ற இரைச்சல் வீட்டில் ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கும்போது பயமுறுத்தும். அரங்கத்தில் விசிறி அதை முழுங்கிவிடும்.

பிப்ரவரி 10

கேசட்டிலும் -12தான் வைக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டது நியாயம். வைக்கக் கூடாது. நேற்று எழுதியது டிஜிட்டலுக்கு மட்டும், அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

சாதாரண முதல் வகைக் கேசட்டில் இரைச்சல் நீக்கம் இல்லாமல் கிடைக்கும் இடைவெளி 50 டெசிபலை ஒட்டித்தான். டால்பி பி என்ற இரைச்சல் நீக்கத்தைப் போட்டால் மேல் ஒலிகளில் இன்னும் ஒரு 10. அங்கே 12ஐத் தூக்கிக் கொடுத்தால் தணிந்த இடமெல்லாம் இரைச்சலில் மூழ்கிவிடும். டேப்பில் 0க்கு மேல் கொஞ்சம் போனாலும் அது மெல்ல மெல்லத்தான் தடிக்கும், டிஜிட்டல்போல் சுவரில் முட்டாது. நான் குரலை 0 வரை விடுவேன், அபூர்வமாக +2, +3 போனால் பதற மாட்டேன்.

ஆனால் ஊசி மீட்டர் இருந்தால் அதை நம்பாதீர்கள். வியூ மீட்டர் ஊசி நகர்ந்து ஏற கிட்டத்தட்ட 300 மில்லிநொடி பிடிக்கும். மிருதங்கத்தின் ஒரு சொல் அதற்குள் விழுந்து முடிந்துவிடும். ஊசி -6 காட்டும்போது உண்மையான உச்சி 10 டெசிபல் மேலேகூட இருக்கலாம். ஊசியைக் குரலுக்குப் பாருங்கள், தாளத்துக்குக் காதை நம்புங்கள்.

சி-120, அதாவது 120 நிமிடக் கேசட், வேண்டாம். நாடா ரொம்ப மெல்லிசு, இழுபடும், சிக்கும். சி-60 தடிமன், சி-90 பரவாயில்லை.

பிப்ரவரி 14

ஸ்விட்ச் இருந்ததாம்! "அதிகம்" என்பதில் நின்றிருந்ததாம். மகிழ்ச்சி.

அடுத்ததாக வெளி மைக் கேட்டிருக்கிறீர்கள். உள்மைக் மோசம் என்று இல்லை, ஆனால் வெளி மைக் இருந்தால் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு மைக்கை மட்டும் நல்ல இடத்துக்கு அனுப்பலாம். எனக்குப் பிடித்த ஏழை மைக் எலக்ட்ரெட் குமிழ், நிரந்தர மின்னேற்றம் கொண்ட குட்டி மைக். பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962இல் உருவாக்கியது. பிற்பாடு தொலைபேசியிலிருந்து செவிக்கருவிவரை புகுந்துவிட்டது. பானசோனிக்கின் 6 மில்லிமீட்டர் குமிழ் ஒன்று, டபிள்யூஎம்-61ஏ, வீட்டில் மைக் செய்பவர்கள் எல்லாரும் தேடியது. தயாரிப்பு நின்றுவிட்டது, அதே அளவில் வேறு பல கிடைக்கின்றன.

ஒரு குமிழின் முதுகில் இரண்டு புள்ளி. உலோகக் கூட்டோடு சேர்ந்திருப்பது தரை இணைப்பு (கிரவுண்ட்). ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை மூன்று நொடிக்கு மேல் வைத்தால் உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும். ஒயரின் நுனியில் முதலிலேயே ஈயம் ஏற்றிக்கொண்டு, தொட்டு எடுத்துவிட வேண்டும். நான் ஆரம்பத்தில் நான்கு குமிழ்களைச் சுட்டுத்தான் இதைக் கற்றேன். இரண்டை ஒரு மரஸ்கேலின் இரு முனையில், 17 செமீ இடைவெளியில், வெளிப்பக்கம் பார்த்து ஒட்டி, 3.5 மிமீ ஸ்டீரியோ முனையில் சேர்த்தால் வேலை முடிந்தது. ரெக்கார்டரின் மைக் துளையே 2, 3 வோல்ட் கொடுக்கும், மெனுவில் அதை இயக்க வேண்டும். 48 வோல்ட் வரும் மிக்சர் துளையில் இதை நேரடியாகச் செருகாதீர்கள்.

ஒலி ரொம்பப் பெரிதாக இருந்தால் பழைய ஹெட்ஃபோன் ஒயரில் வரும் வால்யூம் குமிழை நடுவில் போட்டு அடக்கிவிடலாம்.

பிப்ரவரி 15

நேற்றையதில் இரண்டு தவறு.

17 செமீ என்பது பிரெஞ்சு வானொலிக்காரர்களின் ஓஆர்டிஎஃப் முறை. அதில் மைக்குகள் 110 பாகை விரிந்து நிற்கும். அது ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும் மைக்குக்கு. இந்தக் குமிழ்கள் எல்லாப் பக்கமும் ஒரேபோல் கேட்பவை. அவற்றை 17 செமீயில் வைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கும், ஸ்டீரியோ விரியாது. என் ஸ்கேல் மைக் எனக்கு ஏன் பிடித்தது என்று யோசித்தேன். அதை எப்போதும் பின்பக்கமாகக் கழுத்தில் மாட்டி, குமிழ்களைக் காதோரம் வைத்துக்கொண்டுதான் பதிந்திருக்கிறேன். நடுவில் என் தலை இருந்தது! தலைதான் இரண்டு மைக்கையும் பிரித்திருக்கிறது.

ஸ்டாண்டில் வைப்பதானால் தலைக்குப் பதிலாக ஒரு வட்டத் தட்டை நடுவில் வைக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் யூர்க் ஜெக்லின் இதைச் செய்தார். முதலில் 30 செமீ தட்டு, மைக்குகளுக்கு இடையே 16.5 செமீ. பின்னாளில் அவரே அதை மாற்றி 35 செமீ தட்டு, 36 செமீ இடைவெளி என்றார். தட்டின் இரு பக்கமும் பஞ்சு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டே எதிரொலிக்கும். நான் தடித்த அட்டையில் பழைய தலையணை உறையின் பஞ்சை ஒட்டிச் செய்தேன், நன்றாகவே இருந்தது. தட்டு வேண்டாம் என்றால் குமிழ்களை 40 செமீக்குக் குறையாமல் விலக்கி வையுங்கள்.

இரண்டாவது தவறு வால்யூம் குமிழ். ரெக்கார்டர் கொடுக்கும் 2 வோல்ட்டும் அதே ஒயரில்தான் போகிறது. நடுவில் தடை போட்டால் மைக்குக்குப் போகும் மின்சாரமும் குறைந்து, மைக் குமிழிலேயே ஒலி சீக்கிரம் உடைய ஆரம்பிக்கும். மைக்குக்குத் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரிப் பெட்டி வைத்து, அதற்கு அப்புறம் வால்யூம் குமிழ் போட்டால் சரி. நேற்று படித்துவிட்டு வேலையை ஆரம்பித்தவர்கள் மன்னிக்கவும்.

பிப்ரவரி 17

"மிக்சரிலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளலாமே?" எடுக்கலாம், கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சின்ன அரங்கத்தில் மிருதங்கம் மேடையிலிருந்தே போதிய அளவு கேட்கும், அதனால் கலப்பவர் அதைத் தணித்து வைப்பார். மிக்சர் பதிவில் குரல் மூக்குக்கு நேரே நிற்கும், மிருதங்கம் அடுத்த தெருவில் கேட்கும்.

மிக்சர் ஒயரை ரெக்கார்டரின் லைன் துளையில் செருகுங்கள். மைக் துளை மட்டும்தான் இருக்கிறது என்றால் 40 டெசிபல் அளவுக்குக் குறைக்கும் ஒயர் வேண்டும், மைக்குக்குப் போகும் 2 வோல்ட்டையும் மெனுவில் அணைக்க வேண்டும். 'உம்' என்று 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் ரெக்கார்டரின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

இரண்டு ரெக்கார்டர் இருந்தால் ஒன்று மிக்சரில், ஒன்று அரங்கத்தில். வீட்டில் சேர்க்கும்போது இரண்டு சிக்கல் வரும். மைக் ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டரில் இருந்தால் அந்த ஒலி 29 மில்லிநொடி பிந்தி வரும், அவ்வளவு நகர்த்திக்கொள்ள வேண்டும். அடுத்தது, இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றுபோல் ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி. ஆரம்பத்தில் அழகாகப் பொருந்தியது கடைசிப் பாட்டில் இரட்டைக் குரலாகக் கேட்கும். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் வெட்டி மறுபடி பொருத்துவதுதான் நான் செய்வது. கைத்தட்டலில் வெட்டினால் தெரியாது. மிக்சர் பதிவை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அரங்கப் பதிவை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். பாடகருக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதாகத் தோன்றும் கணத்தில் நிறுத்துங்கள்.

அப்புறம், பாடுபவரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். கேட்டால் மேடை அருகே இடமும் கிடைக்கும்.

பிப்ரவரி 22

புது பேட்டரி போடுங்கள், மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ஒருதடவை மங்களத்துக்கு முன் பேட்டரி இறந்து, கோப்பை முடித்து எழுத அவகாசம் இல்லாமல் இரண்டு மணி நேரமும் பூஜ்ய அளவு என்று காட்டியது. மீட்பு மென்பொருளில் ஒரு மணி நேரம்தான் திரும்பி வந்தது. அதிலிருந்து இடைவேளையில் நிறுத்தி மறுபடி தொடங்குகிறேன். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான், மெனுவில் பேட்டரி வகையை மாற்றாவிட்டால் பழைய கருவி அதைச் சீக்கிரமே தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும்.

பழைய கருவிகளில் ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 3 மணி 20 நிமிடம். 24 பிட், 48இல் 2 மணி நேரம். 24 பிட், 96இல் ஒரு மணி நேரம்தான். சில கருவிகள் அடுத்த கோப்பைத் தானே தொடங்கும், சில பேசாமல் நின்றுவிடும். வீட்டிலேயே ஓடவிட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்ச் 1

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது பற்றிக் கேட்டிருந்தார்கள். தலைப்பை விட்டு விலகினாலும் மனதுக்கு நெருக்கமான விஷயம்.

மாமா வீட்டில் பதிந்த பாட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முதல் கேசட்டைப் போட்டதும் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் வந்தது. டேப் செத்துவிட்டது என்றே நினைத்தேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கால்வாசிக்கும் குறைவாகத் திருப்பினேன். திரை விலகியதுபோல் குரல் வெளியே வந்துவிட்டது. கேசட் நொடிக்கு 4.76 செமீ ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பதிந்த ஹெட்டும் கேட்கும் ஹெட்டும் இம்மியளவு சாய்வில் வேறுபட்டாலே அந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மோனோவில் போட்டுக்கொண்டு, மேல் ஒலி எங்கே நன்றாகத் திறக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். திருப்பும் முன் திருகின் பழைய நிலையை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு கேசட்டில் ஒலி வந்து வந்து போனது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் கம்பளித் துண்டு விழுந்து கூட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தது. ஐந்து திருகைக் கழற்றி, இரண்டு சுருளையும் அப்படியே வேறு கூட்டுக்கு மாற்றினேன். பாட்டு முடிந்ததும் மாமா "எப்படி இருக்கு?" என்று யாரையோ கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது.

மார்ச் 8

கேள்வி கேட்டவரின் இரண்டாவது பதிவு வந்தது. அதே ரெக்கார்டர், ஸ்விட்ச் குறைவில், மூன்றாவது வரிசை, ஸ்டாண்டில் தலைக்கு மேலே. முதல் பத்து நிமிடம் கேட்டேன், அப்புறம் வேலை இருந்தும் நிறுத்த முடியவில்லை. மிருதங்கம் ஓங்கும் இடத்தில் ஒரு கரகரப்பும் இல்லை. 41ஆவது நிமிடத்தில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார். கல் மரத்தில் படும் ஓசை, உடனே விரலால் ஒரு மீட்டு, மறுபடி கல். இவ்வளவு பக்கத்தில் கேட்கிறது. பாடகர் அதற்குள் மூச்சு இழுப்பதும் கேட்கிறது.

தாழ்ந்த பக்கத்தில் ஏதோ தொடர்ந்து உறுமுகிறது. யாரோ ஸ்டாண்டுக் காலை மிதிக்கிறார்கள் என்று நினைக்கிறேன், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மெலிந்தால் 60க்கு இறக்குங்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் கோப்பில் வயலின் இடக்காதில் கேட்கிறது. அன்றைக்கு எடுத்த படத்தில் வயலின்காரர் உங்கள் வலப்பக்கம் இருக்கிறார். ரெக்கார்டரை ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டினீர்களா? அப்படியென்றால் இடமும் வலமும் மாறியிருக்கும். மென்பொருளில் இரண்டையும் மாற்றிப்போட்டு மறுபடி அனுப்புங்கள், மிச்சத்தை அதில் கேட்கிறேன்.